ஸூத்ரம் காட்டும் சேஷத்வம்

ஸூத்ரம் என்னும் வடசொல்லுக்கு நேர்ப்பொருள் நூல் என்பதே. தமிழிலும் நூல் என்னும் ஒரே சொல், பஞ்சினால் திரிக்கப்படும் இழைக்கும் பெரியோர் இயற்றும் சாஸ்த்ரத்திற்கும் பெயராய் நிற்பது நோக்கத்தக்கது. எம்பெருமானுக்குச் சாற்றும் திருமாலையில் கண்ணுக்குத் தோன்றுவது புஷ்பமே. உள்ளிருக்கும் நூல் தோன்றாது. தோன்றாமல் நின்றே அது மலர் அனைத்தையும் தாங்குகிறது. உத்ஸவ காலத்தில் திருமாலையை ஸேவிக்கும் அன்பர்கள் அந்நூலை நினைப்பதில்லை. நினையாததனால் நூல் இல்லாமற் போய்விடுவதும் இல்லை.

ஸூத்ரத்திற்குப் பெரியோர் ஆறு லக்ஷணங்கள் கூறியுள்ளனர். எழுத்துச் சுருங்கியிருத்தல், ஐயத்திற்கு இடம் தாராமை, ஸாரமான பொருளுடைமை, பல இடங்களுக்கும் முகம் காட்டி உதவுதல், வெற்றெழுத்து ஒன்றும் இல்லாமை, குற்றமின்மை என்பன அவை. இவ்வாறில் முதலாவதை எல்லோரும் அறிவர். கைக்கொள்ளுதற்கு அரியது ஐந்தாவதே. செய்யுள் செய்பவன் அடி நிரம்புதற்காக ஓர் அசையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸூத்ரகாரனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஓர் எழுத்து அதிகமாகத் தோன்றினால், அது ஏன் வந்தது என்று உரைகாரர் விசாரணை தொடங்கிவிடுவர். காரணம் இன்றி மஹர்ஷி எழுத்தைச் செலவிடார் என்பது அவர்களுடைய துணிபு. அரை மாத்திரை குறைக்க முடிந்தாலும் இலக்கணப் புலவர்கள் புத்திரன் பிறந்ததைப் போல மகிழ்வர் என்று ஒரு வழக்கு உண்டு. பரிஹாஸமாகத் தோன்றினும் அது உண்மையே. ஏடும் எழுத்தாணியும் கைக்கொள்ளாமல் வாயாலேயே ஓதி வாயாலேயே வழங்கிய காலத்தில், குறைத்த ஒவ்வொரு மாத்திரையும் பாலர்களுடைய நாவுக்குச் செய்த உபகாரமாகும்.

ஸூத்ர நடையை அதன் உச்சியில் நிறுத்தியவர் பாணினி மஹர்ஷி. இன்றைய பாகிஸ்தானத்தில் சிந்து நதிக்கு அணித்தாயிருந்த சலாதுரம் அவருடைய ஊர். கி.மு. ஐந்து அல்லது நான்காம் நூற்றாண்டினர் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அஷ்டாத்யாயீ என்னும் அவருடைய நூல் எட்டு அத்தியாயங்களும், அத்தியாயத்திற்கு நான்காக 32 பாதங்களும், ஏறக்குறைய 4,000 ஸூத்ரங்களும் கொண்டது. வைதிகமும் லௌகிகமுமான ஒரு பெரும் பாஷை முழுவதும் அந்தச் சிறு வரம்பிற்குள் அடங்கிவிட்டது. அதன் குறையை நிரப்பக் காத்யாயனர் வார்த்திகம் செய்தார். அவர் தென்னாட்டவர் என்று கொள்ளுதற்கு இடம் தரும் ஒரு வாக்கியம் மஹாபாஷ்யத்தில் உண்டு. இவ்விருவர் வாக்கையும் ஆராய்ந்து, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பதஞ்ஜலி மஹர்ஷி 85 ஆஹ்நிகங்களாக மஹாபாஷ்யம் அருளிச்செய்தார். ஆஹ்நிகம் என்றால் ஒரு நாட்பாடம். பதஞ்ஜலி ஆதிசேஷனுடைய அவதாரம் என்பது பெரியோர் கொள்கை. இச்செய்தி பின்னால் வேண்டப்படும்.

எழுத்தைச் சுருக்குவதற்கு ஸூத்ரகாரர் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. ஸூத்ரம் தனித்து நின்று பேசாது. பாணினியின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் ஒரு ஸூத்ரம் இருக்கிறது. அதில் உள்ளவை இரண்டே பதங்கள். 'இறுதியில் உள்ள மெய்' என்பது அவற்றின் பொருள். இறுதியில் உள்ள மெய்க்கு என்ன? அது போகிறதா, வருகிறதா, திரிகிறதா? அந்த ஸூத்ரத்தை எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் விடை கிடையாது. அதற்கு முந்திய ஸூத்ரத்தைப் பார்த்தவனுக்கே விடை கிடைக்கும். முதல் உபதேசத்தில் சில எழுத்துகளுக்கு 'இத்' என்று பெயர் என்பதை முந்திய ஸூத்ரம் சொல்லியிருக்கிறது. 'உபதேசத்தில்' என்னும் பதமும் 'இத்' என்னும் பதமும் அங்கிருந்து ஒழுகி வந்து இங்கே சேர்கின்றன. அப்போதுதான், 'உபதேசத்தில் இறுதியாக உள்ள மெய்யும் இத் ஆகும்' என்று வாக்கியம் நிரம்புகிறது. இவ்வாறு முன்னுள்ள பதம் பின்னுள்ள ஸூத்ரத்திற்குத் தொடர்ந்து வருவதற்கு அனுவ்ருத்தி என்று பெயர். சில பதங்கள் ஒரு ஸூத்ரத்தோடு நின்றுவிடும். சில ஒரு பாதம் முழுவதும் ஓடும். அதிகாரமாக ஏற்றப்பட்ட பதங்களோ அத்தியாயங்களையும் கடந்து செல்லும்.

ஆதலால் நடுவில் ஒரு ஸூத்ரத்தை எடுத்து, இதன் பொருள் இவ்வளவே என்று சொல்லுபவன் ஏமாறுவான். எங்கிருந்து எந்தப் பதம் வருகிறது, எங்கே நிற்கிறது என்பதை ஆசார்யன் வாயிலாகவே அறிய வேண்டும். பாடசாலைகளில் பாலர்கள் பொருள் அறியுமுன்னே வரிசை பிசகாமல் ஸூத்ர பாடத்தை ஓதுவதன் காரணமும் இதுவே. வரிசை தப்பினால் அனுவ்ருத்தி தப்பும்; அனுவ்ருத்தி தப்பினால் பொருள் தப்பும். பொருள் தெரியாமல் ஓதுவதனால் என்ன பயன் என்று நகைப்பவர்கள் இந்த நுட்பத்தை அறியாதவர்கள்.

இனி, 'இத்' என்று பெயர் பெற்ற அந்த எழுத்துகளின் கதியைப் பார்க்கலாம். அவை சொல்லில் நிற்பதில்லை, மறைந்துபோகும். மறையுமுன் ஒரு கைங்கர்யத்தைச் செய்துவிட்டே மறையும். இங்கே இவ்வெழுத்து நீள வேண்டும், இங்கே இந்த ஸ்வரம் உயர வேண்டும் என்று அடையாளம் காட்டுவதற்காகவே அவை வந்தன. இந்த மறைவுக்கு லோபம் என்று பெயர். லோபத்திற்குப் பாணினி இட்ட லக்ஷணத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். லோபம் என்றால் இல்லாமை என்று அவர் சொல்லவில்லை. அழிவு என்றும் சொல்லவில்லை. 'காணப்படாமை' என்னும் பொருள் தரும் சொல்லையே இட்டார். இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாதிருத்தல் மாத்திரமே லோபம்.

இரண்டு ஸூத்ரங்கள் தள்ளி இதனினும் வியப்பான ஒன்றைக் கூறினார். விகுதி லோபம் அடைந்தாலும், அவ்விகுதி காரணமாக நிகழ வேண்டிய காரியம் நிகழ்ந்தே தீரும் என்பது அது. காசிகை என்னும் உரையில் இதற்குக் காட்டப்படும் உதாஹரணங்களில் ஒன்று 'ஸோமஸுத்' என்னும் சொல். யாகத்தில் ஸோமத்தைப் பிழிபவன் என்பது பொருள். பிழிதலைக் குறிக்கும் தாது 'ஸு' என்பதே. அதன்மேல் வரும் விகுதிக்கு 'க்விப்' என்று பெயர். அதில் ககரம் போகும், இகரம் போகும், பகரம் போகும், எஞ்சிய வகரமும் போகும். ஓர் எழுத்தும் மிஞ்சுவதில்லை. ஆயின் 'ஸு' என்னும் குறிலின் பின்னே ஒரு தகர மெய் நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது? மறைந்த க்விப் என்னும் விகுதியை முன்னிட்டு வந்தது. விகுதி காணப்படவில்லை, அது இட்ட கட்டளை மட்டும் தகரமாய் நிற்கிறது. இந்தத் தகரத்தைப் பார்த்தே, இங்கே ஒரு விகுதி உண்டு என்று வையாகரணர் அறிவர்.

வடமொழி அறியாத அன்பர்களுக்கும் இது புதிதன்று. தமிழ் இலக்கணத்தில் வேற்றுமைத் தொகை என்பது இதுவே. தேர்வடம் என்று ஒரு சொல். தேருக்கு வடம் என்று விரித்தால் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' வெளிப்படும். தேர்வடம் என்று சொல்லும்போது அவ்வுருபு மறைந்திருக்கிறது, பொருள் மறையவில்லை. அந்த வடம் ஆண்டு முழுவதும் மண்டபத்து மூலையில் சுருண்டு கிடக்கும். அருகில் தேர் இல்லை, இழுப்பாரும் இல்லை. புழுதி படிந்து கிடந்தாலும், யாரேனும் அறியாமையால் அதை எடுத்து வைக்கோற் போரைக் கட்டினாலும், அது தேர்வடமே. திருத்தேர் நாளில் அதைக் கொண்டுவந்து பூட்டும்போது புதிதாக ஓர் உறவு பிறப்பதில்லை. முன்னமே இருந்தது காணப்படுகிறது, அவ்வளவே.

நான்காம் வேற்றுமைக்குப் பல பொருள்கள் உண்டு. அவற்றுள் 'பொருட்டு' என்பது ஒன்று. விளக்குக்கு நெய், பூசைக்குப் பூ என்னும் இடங்களில் அப்பொருள் விளங்கும். வடமொழியாளர் இதனைத் தாதர்த்யம் என்பர். காத்யாயனர் வார்த்திகமாகச் சேர்த்த விதி அது. தூணுக்கு மரம் என்பது போன்றது அவர்கள் காட்டும் உதாஹரணம். ஆறாம் வேற்றுமை, இது இன்னாருடையது என்பதை மட்டும் சொல்லும். நான்காம் வேற்றுமையோ, இது இன்னாருக்காகவே இருக்கிறது என்பதைச் சொல்லும். உடைமையாக இருப்பது வேறு. உடையவனுக்கு உபயோகமாக இருப்பது வேறு. பெட்டகத்தில் பூட்டிய ஆபரணமும் உடைமைதான். திருமேனியில் சாற்றிய ஆபரணத்திற்கே நான்காம் வேற்றுமை நிறைவாகப் பொருந்தும்.

இவ்வளவும் ப்ரணவத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ப்ரணவம் அகாரம், உகாரம், மகாரம் என்னும் மூன்று எழுத்தாயிருக்கும். அகாரம் எம்பெருமானைச் சொல்லும். காத்தல் என்னும் பொருளுடைய 'அவ' என்னும் தாதுவிலிருந்து இது பிறந்ததாகக் கொண்டு, ரக்ஷகன் என்று பூர்வர்கள் பொருள் அருளிச்செய்தனர். எழுத்துகளில் அகாரமாய் இருப்பவன் தானே என்று கண்ணபிரானும் கீதையில் சொல்லியிருக்கிறான். இலக்கண நூலிலும் அகாரத்தின் பெருமை தனியானது. மாஹேச்வர ஸூத்ரங்கள் என்று வழங்கும் எழுத்து வரிசை அகாரத்தில் தொடங்குகிறது. அஷ்டாத்யாயீயின் கடைசி ஸூத்ரமும் அகாரத்தை இருமுறை சொல்வதே அன்றி வேறு எழுத்து உடையதன்று. சாஸ்த்ர காரியத்திற்காக நூல் முழுவதும் ஒருவிதமாகக் கொண்ட அகாரத்தை, முடிவில் அதன் இயற்கை உச்சாரணத்திற்கே திருப்பிவிடுகிறார் என்பது அதன் கருத்து. நூல் நெடுகப் பணிகொண்ட அகாரத்தை அதன் ஸ்வபாவத்தில் கொண்டுபோய் விட்ட பிறகே மஹர்ஷி வாய் மூடினார்.

மகாரம் ஜீவாத்மாவைச் சொல்லும். ககரம் தொடங்கி எண்ணினால் வடமொழி வரிசையில் மகாரம் 25-ஆவது எழுத்து. அசித் தத்துவங்கள் 24-க்கு மேல் 25-ஆவதாக எண்ணப்படுவது ஜீவன். இடையிலுள்ள உகாரம் 'மட்டுமே' என்று பிரித்துக் காட்டுவது.

இங்கேதான் இலக்கணத்தின் கேள்வி எழுகிறது. அகாரமும் மகாரமும் ஒரே வேற்றுமையில் நிற்பதாகக் கொண்டால், அவனே இவன் என்று ஐக்யத்தைச் சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு பார்த்தால் அப்படித் தோன்றவும் கூடும். இரண்டிலும் உருபு ஒன்றும் காணப்படவில்லை. ஆயினும் அகாரத்தின்மேல் நான்காம் வேற்றுமை ஏறி லோபித்திருக்கிறது என்பது ஆசார்யர்கள் நிர்வாஹம். லுப்த சதுர்த்தி என்பர். வேதத்தில் வேற்றுமை விகுதி மறைந்து வருவதைப் பாணினியே ஏழாம் அத்தியாயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மறைந்தது நான்காவதே என்பதற்கு எது ஸாக்ஷி? திருமந்த்ரத்தின் இறுதிப் பதமே ஸாக்ஷி. ப்ரணவத்தில் சுருங்கியிருந்ததையே மேல் வரும் பதங்கள் விரிக்கின்றன. அவ்விரிவின் முடிவில் நாராயண சப்தத்தின்மேல் நான்காம் வேற்றுமை வெளிப்படையாகவே நிற்கிறது. விரித்த இடத்தில் காணப்படுவது, சுருக்கிய இடத்தில் காணப்படாமல் இருந்தது என்று கொள்வதில் தடை என்ன? பிள்ளை லோகாசார்யருடைய முமுக்ஷுப்படியும், வேதாந்த தேசிகருடைய ரஹஸ்யத்ரயஸாரமும் வேறு பல இடங்களில் வழி பிரிந்தாலும், இந்தக் காணப்படாத வேற்றுமையில் ஒரே குரலாக நிற்கின்றன.

ஆகவே, ஜீவன் ஈச்வரனே என்பதற்கும், ஜீவன் ஈச்வரனுக்கே உரியவன் என்பதற்கும் இடையில் உள்ள தூரம், காதில் விழாத ஒரு விகுதியின் அளவே. இலக்கணம் கற்பது வாதத்திற்கு மட்டுமே உதவும் வித்யை என்று எண்ணுவார் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ஒருவனுக்கே உரியவனாயிருத்தலைச் சேஷத்வம் என்கிறது ஸம்ப்ரதாயம். சேஷம் என்னும் சொல் மூன்று சாஸ்த்ரங்களிலும் நடையாடுகிறது. பாணினி அதை 'எஞ்சியது' என்னும் பொருளில் ஆள்கிறார். மற்ற வேற்றுமைகளுக்குச் சொன்ன உறவுகள் போக எஞ்சியவற்றில் ஆறாம் வேற்றுமை வரும் என்றார். அந்த எஞ்சிய உறவுகளில் தலைமையாக உரையாசிரியர் காட்டுவது உடையவன், உடைமை என்னும் உறவே. ஜைமினி மஹர்ஷி பூர்வமீமாம்ஸையின் மூன்றாம் அத்தியாயத்தைச் சேஷ விசாரத்திற்கே ஒதுக்கினார். பிறிதொன்றின் பொருட்டு இருப்பது சேஷம் என்பது அவர் இட்ட லக்ஷணம். நெல்லைக் குற்றுவது அரிசிக்காக, அரிசி புரோடாசத்திற்காக, புரோடாசம் யாகத்திற்காக, யாகம் பலத்திற்காக, பலம் புருஷனுக்காக. சங்கிலி அவ்விடத்தில் முடிந்தது என்று எண்ணினால், கர்மத்தைச் செய்வதற்காகவே இருப்பதனால் அந்தப் புருஷனும் சேஷனே என்று ஜைமினி மீண்டும் அவனைச் சங்கிலியில் கோத்துவிட்டார். எல்லாம் தனக்காக என்று நினைத்திருந்த மனிதனுக்கு இது ஓர் அதிர்ச்சியே. ஆயின் கர்மமோ அறிவில்லாதது. அதற்குச் சேஷனாயிருப்பதில் ஒரு சுவையும் இல்லை. எம்பெருமானார் தம்முடைய வேதார்த்த ஸங்க்ரஹத்தில் இந்த லக்ஷணத்தை ஆராய்ந்து, பிறனுக்குப் பெருமை உண்டாக்கும் விருப்பத்தாலேயே கொள்ளப்படுவதைத் தன் இயல்பாக உடையது சேஷம், அப்பெருமையைப் பெறுபவன் சேஷி என்று திருத்தி அருளினார். சேஷனாயிருப்பது இழிவு என்னும் எண்ணம் அதனால் அடியோடு நீங்கிற்று. அப்பெயரையே திருநாமமாக உடைய ஆதிசேஷன் படுக்கையாகவும் குடையாகவும் நின்று எம்பெருமானுக்குப் பெருமை சேர்ப்பதில் தன் பெருமையைக் காண்கிறான். சேஷ வாஹனத்தில் எழுந்தருளும் திருக்கோலத்தை ஸேவிப்பவர்கள் அந்தப் பெயரின் பொருளையும் உடன் ஸேவிக்கிறார்கள். மஹாபாஷ்யம் செய்த பதஞ்ஜலியும், ஸ்ரீபாஷ்யம் செய்த எம்பெருமானாரும் அவ்வாதிசேஷனுடைய அவதாரங்களே என்று பெரியோர் பணிப்பர்.

வேத வ்யாஸர் அருளிய ப்ரஹ்ம ஸூத்ரங்கள் நான்கு அத்தியாயங்கள், 16 பாதங்கள். எம்பெருமானார் கணக்கில் 545 ஸூத்ரங்கள், 156 அதிகரணங்கள். இந்நூலின் முதற் சொல்லே 'பிறகு' என்னும் பொருளுடையது. எதற்குப் பிறகு? இங்கேயும் முன்னுள்ளதைப் பார்க்காமல் பொருள் நிரம்பாது. கர்ம விசாரத்திற்குப் பிறகு என்று எம்பெருமானார் நிர்வஹித்தார். ஜைமினியின் 16 அத்தியாயங்களும் வ்யாஸருடைய நான்கும் சேர்ந்து ஒரே சாஸ்த்ரம் என்று வ்ருத்திகாரர் சொன்னதையும் எடுத்துக் காட்டினார். அவ்வாறாயின் ஜைமினி சொன்ன சேஷ சப்தமும் ஒழுகி வந்து வேதாந்தத்திற்குள் சேரும் உரிமை உடையதே.

இந்த ஸூத்ரங்களுக்கு பாஷ்யம் வேண்டும் என்பது ஆளவந்தாருடைய நிறைவேறாத மனோரதங்களில் ஒன்று. அவர் பரமபதம் அடைந்தபோது அவருடைய சரம திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்ததும், இளையாழ்வார் பிரதிஜ்ஞை செய்யச் செய்ய அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்ததும் அன்பர்கள் அறிந்ததே. அந்தப் பிரதிஜ்ஞையை நிறைவேற்றுவதற்கு போதாயன வ்ருத்தி என்னும் பழைய உரை தேவைப்பட்டது. அது காச்மீரத்தில் சாரதா பீடத்தில் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து அவ்வளவு தூரம் கூரத்தாழ்வானுடன் எழுந்தருளிப் பெற்றார். பெற்ற ஏட்டை அவ்விடத்தார் வழியில் மறித்துத் திரும்பவும் எடுத்துக்கொண்டனர். உடையவர் திருவுள்ளம் நொந்தது. அப்போதுதான், இரவு வேளைகளில் தாம் அவ்வேட்டை முழுவதும் வாசித்து நெஞ்சில் ஏற்றிக்கொண்டதைக் கூரத்தாழ்வான் விண்ணப்பம் செய்தார். அந்த வ்ருத்தி இன்று எங்கும் கிடைப்பதில்லை. ஏடு போயிற்று, ஆழ்வான் நெஞ்சில் நின்றதே ஸ்ரீபாஷ்யத்திற்குத் துணையாயிற்று. இதையும் ஒரு லோபம் என்றே சொல்லலாம்.

ஸ்ரீரங்கத்தில் பாஷ்யம் தொடங்கிற்று. உடையவர் ஸாதிக்க, ஆழ்வான் பட்டோலை எழுதினார். தொடங்குமுன் உடையவர் ஒரு நியமம் வைத்தார். தாம் சொல்லும் அர்த்தம் எவ்விடத்திலேனும் ஆழ்வானுக்கு உசிதமாகப் படாவிட்டால், மறுத்துப் பேச வேண்டியதில்லை. எழுதாமல் கையை நிறுத்திவிட்டால் போதும் என்பது அது. ஆசார்யன் சிஷ்யனுக்கு இத்தகைய அதிகாரம் கொடுத்தது உலகில் அரிது. எழுத்தாணியின் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் குற்றமில்லை என்று உடையவர் மேலே ஸாதித்துக்கொண்டு போனார்.

ஜீவாத்மாவினுடைய ஸ்வரூபத்தைக் கூறும் இடம் வந்தது. இரண்டாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதம் அது. அவ்விடத்தில் ஸூத்ரத்தின் சொல் கூறுவது, ஆத்மா அறிபவன் என்பதை மட்டுமே. உடையவரும் ஸூத்ரத்தின் வழியே நின்று, ஜ்ஞாத்ருத்வமே ஆத்மாவுக்கு லக்ஷணம் என்று ஸாதித்தார். ஓலையில் ஓசை நின்றது.

ஆழ்வானுடைய நிலையை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதினால், உசிதமல்லாததை எழுதாதே என்ற ஆசார்யனுடைய கட்டளையை மீறியதாகும். எழுதாவிட்டால், சொன்னதை எழுது என்ற அதே ஆசார்யனுடைய கட்டளைக்கு விரோதமாகும். பொருளோ சிறியதன்று. அறிவைச் சொல்லிச் சேஷத்வத்தைச் சொல்லாமல் விட்டால், தேர்வடத்தை வடம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியது போலாகும். வடம் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. உறுதி, நீளம், முறுக்கு எல்லாம் அதில் அடங்கும். தேருக்கு உரியது என்பது மட்டும் விட்டுப்போகும். அறிவு மிகுந்தும் தான் யாருக்கு உரியவன் என்பதை அறியாதவன், தன்னைத் தனக்கே உரியவனாக எண்ணிவிடுவான் என்பதே ஆழ்வான் கையை நிறுத்திய அச்சம்.

உடையவர் மறுபடியும் ஸாதித்தார். ஆழ்வான் கை அசையவில்லை. அந்த ஒரு கணத்தில் உடையவருக்குக் கோபம் மூண்டது. வ்யாஸ ஸூத்ரத்திற்கு நீரே பாஷ்யம் செய்துகொள்ளும் என்று சொல்லி, ஆழ்வானைத் திருவடியால் தள்ளிவிட்டார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகிறது. பெரியோர் வரலாற்றில் இத்தகைய செய்திகளை மறைத்து எழுதுவார் உண்டு. பூர்வர்கள் மறைக்கவில்லை, மறைக்காததே அவர்களுக்கு அழகு.

அருகிலிருந்த முதலிகள் கலங்கி, இப்படி நேர்ந்ததே, இனிச் செய்வது என்ன என்று ஆழ்வானைக் கேட்டார்கள். உடைமையை உடையவன் வைத்துக்கொள்ளவும் தள்ளவும் உரியவன். உடைமைக்கு இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற கருத்துப்பட ஆழ்வான் மறுமொழி கூறினார் என்பர். தம் வித்வத்தைப் பேசவில்லை. வ்ருத்தி முழுவதும் தம் நெஞ்சில் இருப்பதைப் பேசவில்லை. தம் பொருளே சரி என்றும் பேசவில்லை. ஆயின் அவர் கூறிய மறுமொழியே, ஓலையில் எழுத மறுத்த வாக்கியத்தில் விடுபட்டிருந்த பதமாய் அமைந்துவிட்டது.

உடையவர் தனித்திருந்து அவ்விடத்தை மீண்டும் திருவுள்ளம் பற்றினார். இங்கே நடுநிலையாக ஒன்று சொல்ல வேண்டும். முதலில் உடையவர் ஸாதித்தது பிழையன்று. அந்த ஸூத்ரத்தில் உள்ள பதம் அதையே சொல்லுகிறது. ஆத்மா வெறும் அறிவு மாத்திரமே என்பாரையும், கல்லைப் போல இயற்கையில் அறிவற்றது என்பாரையும் மறுப்பதே அங்கே எடுத்துக்கொண்ட காரியம். ஆழ்வான் தம் நெஞ்சிலிருந்து புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்பினார் என்பதும் சரியன்று. அதே இரண்டாம் அத்தியாயத்தின் முதற் பாதத்தில், சரீரம் என்பதற்கு உடையவரே லக்ஷணம் அருளியிருந்தார். ஒரு சேதனனால் தன் பொருட்டு நியமிக்கவும் தாங்கவும் கூடியதாய், அவனுக்குச் சேஷமாயிருப்பதையே இயல்பாக உடைய த்ரவ்யம் எதுவோ, அது அவனுக்குச் சரீரம் என்று அங்கே தீர்மானித்திருந்தார். ஜீவன் எம்பெருமானுக்குச் சரீரம் என்பதோ ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. ஆதலால் முதற் பாதத்தில் ஏறிய சேஷ சப்தம் மூன்றாம் பாதம் வரையிலும் தொடர்ந்து வரவேண்டும் என்பதே ஆழ்வானுடைய நிறுத்தத்தின் பொருள். ஸூத்ரத்தில் காணப்படவில்லை என்பதனால் இல்லை என்று கொள்ளக்கூடாது என்று, வாய் திறவாமல், கையை நிறுத்தியே அவர் விண்ணப்பம் செய்தார். அப்பாதத்திலேயே மேலே செல்லச் செல்ல, ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவின் அதீனம் என்றும், ஜீவன் அவனுக்கு அம்சம் என்றும் வ்யாஸரே கூறுவதைக் காணும்போது ஆழ்வான் கை நின்ற இடம் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

உடையவர் ஆழ்வானை அழைப்பித்தார். சேஷத்வத்தோடு கூடியதாகவே ஜ்ஞாத்ருத்வத்தைக் கொள்ள வேண்டும் என்று திருவுள்ளமாயிற்று. தள்ளுண்ட வருத்தம் திருமுகத்தில் சிறிதும் இன்றி ஆழ்வான் வந்து, தண்டன் ஸமர்ப்பித்து, முன்பு இருந்த இடத்திலேயே அமர்ந்து, நிறுத்திய வரியிலிருந்து எழுத்தாணியை நகர்த்தினார். அதன்பின் அந்த ஓசை நான்காம் அத்தியாயத்தின் முடிவு வரையில், மீளுதல் இல்லை என்று இருமுறை சொல்லி நிறுத்தும் கடைசி ஸூத்ரம் வரையில், கேட்டுக்கொண்டே இருந்தது.